செருப்புக்குக் காவல் இருக்கவா கடற்கரைக்குப் போறோம்?

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா?"

இது கேள்வி இல்லை மக்களே. கேள்வின்னா பதில் சொல்றதுக்குக் கொஞ்சம் இடம் விடணும். இது தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. ஐம்பதைத் தாண்டின தமிழன் எதையாவது புதுசா ஆசைப்பட்டுச் செய்தால் உடனே இந்தத் தீர்ப்பு வந்து விழும். இரண்டு வீடு கட்டி மூன்றாவது வீட்டுக்குக் கடன் வாங்கினால் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். அது வயசுக்கு ஏற்ற காரியம்!

விஷயம் இதுதான். எனக்கு 58 வயசு. பூர்வீகம் புதுச்சேரி, பொட்டி தட்டுவது பாரிஸ் பக்கத்தில். பன்னிரண்டு வருஷமா சர்ஃபிங் பண்றேன். பலகையில் ஏறி அலைமேல் சறுக்கும் அதே விளையாட்டுதான். ஒவ்வொரு ஜூலையும் நான், தங்கமணி, மகள், மகன் நாலு பேரும் காரில் சுமார் 750 கிலோமீட்டர் தென்மேற்கே போய், அட்லாண்டிக் கரையில் லாந்த் மாவட்டத்தில் பத்து நாள் தங்குவோம். பைன் மரக்காடு, அதைத் தாண்டினால் மணல் மேடு, மேட்டில் ஏறி நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் கடல். செஞோஸ், ஒஸ்கோர், காப்ரெத்தோன் என்று வரிசையாக ஊர்கள். எல்லாமே சர்ஃபிங்குக்குப் பேர் போன ஊர்கள்.

இந்த வருஷம் திரும்பி வந்து நாலு போட்டோவைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். ஒரு போட்டோவில் தங்கமணி பலகைமேல் நிற்கிறார். (இரண்டு செகண்ட் நின்றார். போட்டோவில் அது தெரியாது :-)) அவ்வளவுதான். மச்சான் ஊரிலிருந்து போன் போட்டார்: "மச்சான், நீங்க என்னமோ பண்ணிட்டுப் போங்க. எங்க அக்காவை ஏன் இழுத்துட்டுப் போறீங்க?" அத்தை ஒருபடி மேலே போய், "ஏம்ப்பா, பொம்பளைப் புள்ளையக் கடல்ல விடுறியே, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். பாரிஸில் இருக்கும் நண்பர் ஒருத்தர் மட்டும் நாகரிகமாகக் கேட்டார்: "மிட்-லைஃப் கிரைசிஸா?"

ஆளாளுக்குத் தனித்தனியாகப் போனில் பதில் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிடறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்குங்க.

முதல் குற்றச்சாட்டு: வயசு.

சர்ஃபிங் என்றதும் நம்ம ஆட்களுக்கு ஞாபகம் வருவது குளிர்பான விளம்பரம். இருபது வயசுப் பையன், வயிற்றில் ஆறு கட்டு, தலையில் வெயிலில் வெளுத்த முடி. விளம்பரக்காரன் வேலை அது. ஆனால் பிரான்சில் இந்த விளையாட்டின் கதையே வேற. 1957-ல் ஹெமிங்வே நாவல் ஒன்றைப் படமாக்க வந்த ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர் பீட்டர் வியர்டெல், பியாரிட்ஸ் நகரத்துக் கடலில் கலிஃபோர்னியாப் பலகையோடு இறங்கினார். ஊர் ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் அதோடு நிற்காமல், பார்த்ததை வைத்துத் தாங்களே பலகை செய்ய ஆரம்பித்தார்கள். 1959-ல் ஒரு கிளப் தொடங்கினார்கள். அந்த முதல் கூட்டத்துக்கு இன்றைக்கும் பிரெஞ்சில் என்ன பேர் தெரியுமா? 'தோன்தோன் சர்ஃபர்'. தோன்தோன் என்றால் குழந்தைகள் மாமா, சித்தப்பாவைக் கூப்பிடுகிற சொல். ஆக, சர்ஃப் மாமாக்கள்! 

அந்த மாமாக்களில் ஒருத்தர் ஜொயெல் தெ ரொஸ்னே. 1937-ல் மொரீஷியஸில் பிறந்தவர். மூலக்கூறு உயிரியல் படித்த விஞ்ஞானி, புத்தகங்கள் எழுதியவர், எண்பதைத் தாண்டியும் பலகையோடு கடலில் இறங்கியவர். அவரை யாரும் "தாத்தா, இந்த வயசுல தேவையா?" என்று கேட்டதாகத் தெரியவில்லை.

இன்னும் பெரிய பேர்களும் இருக்கு. கெல்லி ஸ்லேட்டர் 2022 பிப்ரவரியில், ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஆறு நாள் முன்னால், ஹவாயில் பைப்லைன் போட்டியை ஜெயித்தார். காரெட் மெக்னமாரா 2011-ல் போர்ச்சுகலின் நசாரேயில் 78 அடி அலையில் இறங்கி உலக சாதனை செய்தபோது அவருக்கு 44. ஆனால் இவங்களை நான் சாட்சிக்கு இழுக்கப் போறதில்லை. அவங்க அதையே தொழிலாகச் செய்பவர்கள். நான் ஏறுவது இடுப்பளவு அலை, மிஞ்சிப்போனால் நெஞ்சளவு. ஒஸ்கோரில் 'லா கிராவியேர்' என்று ஓர் இடம் இருக்கு. காப்ரெத்தோன் பக்கத்தில் கரையிலிருந்து சில நூறு மீட்டரிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. பெரிய அலைகள் வேகம் குறையாமல் கரைக்குப் பக்கம் வரை வந்து அங்கே உடையும். அங்கே நான் மணல் மேட்டில் உட்கார்ந்து கைதட்டுவதோடு சரி. நம்ம உயரம் எதுன்னு நமக்குத் தெரியணும்ல?

அந்தத் தெரிதல்தான் வயசு கொடுக்கிற வரம். இருபது வயசுப் பையன் வருகிற ஒவ்வொரு அலைக்கும் பாய்வான். பத்து அலைக்குப் பாய்ந்து இரண்டைப் பிடிப்பான். நான் இரண்டுக்குப் பாய்ந்து ஒன்றைப் பிடிப்பேன். என் பலகை ஒன்பது அடி. நீளமான பலகை நன்றாக மிதக்கும், அலை உடையறதுக்கு முன்னாடியே அதில் ஏறிவிடலாம், கையால் துடுப்பு போடுவதும் குறைவு. அலைகள் ஒரே மாதிரி வருவதில்லை, கூட்டங்கூட்டமாக வரும். ஒரு கூட்டம் வந்து போனபின் கொஞ்ச நேரம் அமைதி. அந்த அமைதியில் உள்ளே போகணும். காத்திருக்கத் தெரிந்தவனுக்குப் பாதி வேலை முடிஞ்சுது. முப்பது வருஷம் அலுவலகத்தில் மேனேஜருக்காகக் காத்திருந்தவனுக்கா இது வராது? :-)

இரண்டாவது குற்றச்சாட்டு: ஆபத்து.

இதற்கு நான் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று ஜல்லி அடிக்கப் போவதில்லை. ஆபத்து உண்டு. அந்தக் கரை அழகான கரை, அதே சமயம் ஆளைக் கொல்லும் கரை. ஒவ்வொரு கோடையிலும் அங்கே ஆட்கள் மூழ்கிச் சாகிறார்கள். ஆனால் எப்படிச் சாகிறார்கள் என்று யாராவது கேட்டீங்களா? கேட்டால் உங்கள் வாதம் அங்கேயே உடைஞ்சுடும்.

ஜிரோந்து முகத்துவாரத்திலிருந்து அதூர் ஆற்று முகம் வரை இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நேரான மணல் கரை. அந்தக் கரை நெடுக அலையும் ஓதமும் சேர்ந்து மணலில் தொட்டி தொட்டியாகக் குழி பறித்து வைத்திருக்கும். ஊர்க்காரர்கள் அதற்கு 'பாயின்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சின்னத் தொட்டி என்று அர்த்தம். பெரிய ஓத நாளில் அங்கே கடல் நாலு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். நம்ம புதுச்சேரிக் கடல் மாதிரி ஒரு மீட்டர் கணக்கு இல்லை. ஏறும்போது தொட்டி நிறையும். இறங்கும்போது அவ்வளவு தண்ணீரும் மணல் திட்டுக்கு நடுவே இருக்கும் ஒரு குறுகலான வாய் வழியாகக் கடலுக்கு ஓடும். நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேலும் அந்த இழுப்பு போகும். நீச்சல் வீரனே எதிர்த்து நீந்த முடியாது.

இதில் கொடுமை என்னன்னா, அந்த வாய் இருக்கும் இடத்தில்தான் அலை குறைவாக உடையும். பார்க்க அமைதியாக இருக்கும். வெளியூரிலிருந்து வந்த குடும்பம் "இங்க அலையே இல்ல, குழந்தைங்க விளையாடட்டும்" என்று சரியாக அந்த இடத்தில் போய் இறங்கும். பயந்துதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அலைக்குப் பயந்து, ஆளை இழுக்கும் தண்ணீரில் பிள்ளையை விடுகிறார்கள். பயம் இருந்தது, விஷயம் தெரியவில்லை.

இன்னொரு பக்கம் பாருங்க. அதே இழுப்பைச் சர்ஃபிங் பண்றவங்க லிஃப்ட் மாதிரி உபயோகிப்பார்கள். உள்ளே போகணுமா, அந்த வாயைத் தேடிப் போய்ப் பலகையில் படுத்தால், அதுவே அலைகளுக்கு அந்தப் பக்கம் கொண்டு போய் விட்டுவிடும். தெரியாதவனுக்கு எமன், தெரிந்தவனுக்கு லிஃப்ட். ஒரே தண்ணீர்தான்.

என் மகனுக்கு ஏழு வயசில் நான் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் பலகையில் நிற்பது இல்லை. மணல் மேட்டில் கால் மணி நேரம் உட்கார வைத்து, "எங்க அலை உடையுது, எங்க உடையல, ஏன்?" என்று கேட்டேன். இரண்டாவது பாடம்: இழுத்துக்கிட்டுப் போனா எதிர்த்து நீந்தாதே, மல்லாந்து மித, கையைத் தூக்கிக் காட்டு, இழுப்பு கொஞ்ச தூரத்தில் விட்டுடும், அப்புறம் பக்கவாட்டில் போய் அலையோட திரும்பி வா. மூன்றாவது பாடம்: கொடி. குளிக்கிறவர்களுக்கான இடத்தைச் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே காட்டியிருப்பார்கள் (2022-க்கு முன்னால் நீலக் கொடி). சிவப்புக் கொடி ஏறினால் வீட்டுக்குப் போகணும், பேச்சே இல்லை. பலகையோடு இருக்கிறவன் குளிக்கிறவர்கள் நடுவே புகக் கூடாது. இந்த மூன்றும் தெரியாமல் முழங்கால் தண்ணீரில்கூட நிற்க விட்டதில்லை. இப்போ சொல்லுங்க, ஆபத்தில் இருப்பது என் பையனா, கரையில் "தண்ணிகிட்ட போகாதே" என்று மட்டும் சொல்லி வளர்க்கப்படுகிற உங்க பையனா?

"தண்ணிகிட்ட போகாதே" என்ற பாடத்தில் வளர்ந்தவன்தான் நானும். அதனால் அதன் லட்சணம் எனக்குத் தெரியும். 1979-ல் என் பெரியப்பா மகன், பதினேழு வயசு, சிநேகிதர்களோடு வீராம்பட்டினம் கடலில் குளிக்கப் போனான். மறுநாள்தான் கிடைத்தான். அன்றைக்கு எங்க குடும்பத்தில் ஒரு சட்டம் வந்தது: யாரும் கடலில் கணுக்காலுக்கு மேல் நனையக் கூடாது. துக்கத்தில் வந்த சட்டம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். பெரியம்மா அதற்கப்புறம் கடற்கரைப் பக்கமே வரவில்லை. ஆனால் அந்தச் சட்டம் என்ன செய்தது? அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று எங்கள் தலைமுறையில் பதினோரு பேர். கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் வளர்ந்தோம். ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. ஒருத்தன் மூழ்கிச் செத்தான் என்பதற்காக மீதிப் பேரையும் மூழ்கக்கூடியவர்களாகவே வளர்த்தார்கள். 

எங்க வீடு மட்டுமா? மெரினாவிலும் மாமல்லபுரத்திலும் வருஷா வருஷம் கல்லூரிப் பிள்ளைகள் போகிறார்கள். பேப்பரில் ஒரு மூலையில் செய்தி, "எச்சரிக்கையை மீறி" என்று ஒரு வரி, முடிந்தது. 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் கடல் என்றாலே சாவு என்று ஆகிவிட்டது. எச்சரிக்கைப் பலகை வைப்பதற்கு ஆள் இருக்கு. இழுப்பு எப்படி இருக்கும், மாட்டினால் என்ன செய்யணும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. பிரான்சில் ஆரம்பப் பள்ளிப் பாடத்திட்டத்திலேயே நீச்சல் இருக்கு. நான் முப்பத்திரண்டு வயசில் நகராட்சி நீச்சல் குளத்தில், ஐந்து வயசுக் குழந்தைகளுக்குப் பக்கத்துப் பாதையில், மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கற்றுக்கொண்டதை என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே முடித்துவிட்டார்கள்.

மூன்றாவது குற்றச்சாட்டு: பொம்பளைங்களுக்கு எதுக்கு?

இங்கேதான் எனக்கு நிஜமாவே கோபம் வருது.

நம்ம குடும்பங்கள் கடற்கரைக்குப் போனால் என்ன நடக்கும்? ஆண்கள் பேண்ட்டை மடித்துக்கொண்டு தண்ணிக்கு ஓடுவார்கள். பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். அம்மா? செருப்பு, பை, செல்போன், பர்ஸ், தண்ணி பாட்டில், துண்டு எல்லாவற்றையும் சுற்றி வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பார். ரொம்பப் பிடித்து இழுத்தால் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஒரே ஒரு அலையில் கால் நனைத்துவிட்டு, "போதும் போதும்" என்று திரும்புவார். வீட்டிலும் காவல், கடலிலும் காவல். மெரினாவில் பார்த்த இதே காட்சியை நீஸ் கடற்கரையிலும் பார்த்திருக்கிறேன். விசா மாறினாலும் செருப்புக் காவல் மாறவில்லை.

தங்கமணி இருபது வருஷம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். 47 வயசில் ஒரு நாள், "என்னங்க, நாளைக்கு நீங்க செருப்பைப் பாத்துக்குங்க" என்றார். நீச்சல் குளத்தில் இரண்டு வருஷம். அப்புறம் ஒஸ்கோரின் உப்பு நீர் ஏரியில் மிதந்து பழகினார். அதற்குப் பிறகுதான் கடல், அதுவும் சர்ஃபிங் பள்ளியில், அரசு சான்றிதழ் பெற்ற ஆசிரியரிடம். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. புருஷன் பொண்டாட்டிக்கு கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும்தானே. இப்போது 53. பத்து தடவை விழுந்தால் ஒரு தடவை நிற்கிறார். அந்த ஒரு தடவையின் போட்டோதான் மச்சானுக்கு ரத்தக்கொதிப்பைக் கிளப்பியது.

"டிரஸ்?" என்று அத்தை கேட்டார். அட்லாண்டிக் கோடையிலும் இருபது டிகிரி சுற்றித்தான் இருக்கும். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ரப்பர் உடை போட்டால்தான் ஒரு மணி நேரம் தாங்கும். இதைவிட மூடின உடை நம்ம ஊர் ஜவுளிக்கடை எதிலும் கிடைக்காது, தைரியமா இருங்க அத்தை.

"பொண்ணு வெயில்ல கறுத்துப் போயிட்டா யாரு கட்டுவா?" இதைக் கேட்டது யார் என்று சொல்ல மாட்டேன், குடும்பத்தில் சண்டை வரும். வயசுக்கு வந்தால் மண்டபம் பிடித்து, நீளக் கார் வைத்து ஊர்வலம் விட்டு, வீடியோ எடுத்து ஆயிரக்கணக்கில் யூரோவைக் கொட்டத் தயாராக இருக்கிறோம். அதே பெண் தண்ணீரில் தன் உயிரைத் தானே காப்பாற்றிக்கொள்ளக் கற்றுக்கொள்வது மட்டும் அநாவசியச் செலவு. கறுப்பா இருக்கிற என் மகளைக் கட்ட மாட்டேன் என்கிறவன் வீட்டுக்கு நானும் மகளை அனுப்ப மாட்டேன். கணக்கு சரியாப் போச்சு.

கடைசியா ஒண்ணு. "இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கு எதுக்கு?" என்கிற வாதம். பிரெஞ்சுக்காரனும் இதை 1957-ல்தான் பார்த்தான். ஹவாய்த் தீவுக்காரர்களின் விளையாட்டு அது. அது போகட்டும். இந்தக் கரையில் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் 'கத்தமரான்' என்று ஒரு படகைக் காட்டுவார்கள். நம்ம கட்டுமரம்தான் அது, நம்ம சொல்தான். மரத்தைக் கட்டி அலையைத் தாண்டியவர்களின் மொழியைப் பேசிக்கொண்டு, கடல் நமக்குப் பழக்கமில்லை என்று சொல்ல நாக்கு கூசவில்லையா? பழக்கம் இருக்கு. அது மீனவர்களிடம் இருக்கு. கடல் நீரோட்டத்துக்கு அவர்கள் 'நீவாடு' என்று தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். ஊருக்குள் இருக்கும் நாம்தான் அவர்களிடமிருந்து மீனை மட்டும் வாங்கிக்கொண்டு அறிவை வாங்காமல் விட்டோம். கோவளத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் சர்ஃபிங் பண்றாங்க, சொல்லியும் கொடுக்கிறாங்க. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. இந்திய வீரர் ஒருத்தர் வெண்கலம் வாங்கினார். பதக்கத்துக்கு வாட்ஸப்பில் கைதட்டின மச்சான்தான் அக்கா பலகையில் நின்றதுக்குப் போன் போட்டார். என்னத்தைச் சொல்ல!

எல்லாரும் சர்ஃபிங் பண்ணணும்னு நான் சொல்லலை. முழங்கால் வலி இருக்கிறவங்க, இதயக் கோளாறு இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. நீச்சல் தெரியாமல் பலகையை நம்பி இறங்குவது முட்டாள்தனம். காலில் கட்டிய கயிறு அறுந்தால் பலகை போய்விடும், அப்புறம் நீங்களும் கடலும்தான். நான் சொல்வது ஒன்றே ஒன்று. வயசைக் காட்டி, பெண் என்பதைக் காட்டி, பாசத்தைக் காட்டி ஒருத்தரைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைத்தால் அதற்குப் பேர் பாதுகாப்பு இல்லை. தெரியாதவர்களாகவே வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். கடல் உங்க பாசத்தைப் பார்த்து இழுப்பைக் குறைக்காது.

அடுத்த விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகும்போது, உங்க வீட்டில் யார் செருப்புக்குக் காவல் இருக்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்க. அவருக்கு நீச்சல் தெரியுமா என்று கேளுங்க. தெரியாதென்றால், திரும்பி வந்ததும் பக்கத்து நீச்சல் குளத்தில் பேரைப் பதிவு பண்ணுங்க. செருப்பு தொலைந்தால் வேற வாங்கிக்கலாம்.

டிஸ்கி: மச்சான் அடுத்த ஜூலையில் இங்கே வருகிறாராம். அக்காவைக் கண்காணிக்க :-) வரட்டும். எட்டடிப் பஞ்சுப் பலகை ஒன்றுக்கு இப்பவே சொல்லி வைக்கப் போறேன். அதற்கு முன்னால் காரைக்காலிலோ புதுச்சேரியிலோ எங்கேயாவது நீச்சல் கற்றுக்கொண்டு வரச் சொல்லியிருக்கேன். இல்லைன்னா பத்து நாளும் எங்க நாலு பேர் செருப்புக்கும் அவர்தான் பொறுப்பு.